பர்மிய நெல்வயலும் செட்டிநாட்டு முதலும்

ஒரு நாட்டில் நிலவளம் இருக்கலாம், மழைவளம் இருக்கலாம், உழைக்கும் மக்களும் இருக்கலாம். முதல் இல்லையேல் இம்மூன்றும் கூடியும் வாணிகப் பெருக்கம் உண்டாவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலையில் இருந்தது, இன்று மியன்மார் என வழங்கும் பர்மாவின் தென்பகுதி. அங்கே முதலைக் கொண்டு சென்றவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். அவ்வரலாற்றைத் தமிழர் பெருமிதத்தோடு கூறுவர். பர்மியர் கசப்போடு கூறுவர். இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே வரலாற்று மாணவர்க்கு அழகு.

காடு கழனியானது

1852ஆம் ஆண்டுப் போரின் முடிவில் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. ஐராவதி ஆற்றின் கழிமுகம் அப்போது பெரும்பாலும் காடும் சதுப்புமாகக் கிடந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படவே, ஐரோப்பியச் சந்தை பர்மிய அரிசிக்கு அண்மையதாயிற்று. வடக்கிலிருந்து உழவர் குடிபெயர்ந்து வந்து காட்டை வெட்டினர். உழவு மாடு, விதைநெல், ஆட்கூலி, அறுவடை வரையில் உணவு ஆகிய அனைத்திற்கும் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் ஏற்றுமதி வாணிகருக்குக் கடன் கொடுத்தனவேயன்றிச் சேற்றில் நிற்கும் உழவனை நாடிச் செல்லவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர் நகரத்தார்.

அவர்தம் தொழில்முறை சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளை அறிந்தோர்க்குப் புதிதன்று. முதலாளி ஊரில் இருப்பார். மேலாள் மூன்றாண்டுக் கணக்கில் கடல் கடந்து சென்று கடையை நடத்துவார். அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் அவருக்குக் கீழிருந்து தொழில் பயில்வர். இரங்கூன் மொகல் தெருவில் கூடி நடப்பு வட்டியை நிருணயிப்பர். 1929-30இல் ஆராய்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் கணிப்புப்படி, பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி அவர்தம் சொந்த முதலே. எஞ்சியது வைப்புப் பணமும் வங்கிக் கடனும் ஆகும்.

விளைவு வியப்புக்குரியது. 1850களில் பத்து இலட்சம் ஏக்கருக்கும் குறைவாயிருந்த கீழ்ப்பர்மா நெல்வயல், 1930 வாக்கில் எண்பது இலட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. உலகில் மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு என்ற பெயரும் பர்மாவுக்குக் கிட்டியது.

விலை வீழ்ந்தது, கடன் வீழவில்லை

1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து தாக்கியது. நெல்விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. கடனோ ரூபாய்க் கணக்கில் எழுதப்பட்டது, அது குறையவில்லை. முன்பு நூறு கூடை நெல்லால் தீர்ந்த வட்டிக்கு இப்போது இருநூறு கூடை வேண்டியதாயிற்று. பிணையாக வைத்த நிலம் கைமாறியது. முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே செட்டியாரிடம் இருந்தது. 1937இல் அது 25 பங்காயிற்று.

நிலம் வாங்குவது நகரத்தாரின் நோக்கமன்று. பணமாகத் திரும்பாத முதல் மண்ணாகத் தேங்கிற்று என்பதே உண்மை. ஆயினும், தன் தந்தை காடு வெட்டித் திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நின்ற பர்மிய உழவனுக்கு இந்த விளக்கம் என்ன ஆறுதலைத் தரும்? 1930ஆம் ஆண்டின் இறுதியில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ந்தெழுந்ததற்கு இத்துயரும் ஒரு காரணம்.

பின்னர் நிகழ்ந்தவை விரைவானவை. 1937இல் பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பால் இந்தியர் பல்லாயிரவர் நடந்தே வெளியேறினர். விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே பர்மிய அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டமியற்றியது. பல தலைமுறைச் செட்டிநாட்டுச் சேமிப்பு அம்மண்ணிலேயே தங்கிவிட்டது.

படிப்பினை

பழியை ஒரு சமூகத்தின் தலையில் மட்டும் சுமத்துதல் முறையன்று. ஒரே பயிரையும் அயல்நாட்டுச் சந்தையையும் நம்பிய பொருளாதாரம் அது. விலை வீழ்ந்தால் உழவனைத் தாங்க அரசிடம் வழியில்லை; அரசு தோற்றுவித்த கூட்டுறவுக் கடன் சங்கங்களும் அந்நாளிலேயே நொடித்தன. முதல் நிலத்தைத் திறக்க வல்லது. விளைச்சலைப் பெருக்க வல்லது. இழப்பு வருங்கால் அதை யார் எவ்வளவு தாங்குவது என்பதை முன்கூட்டியே வரையறுக்காத நாட்டில், கொடுத்தவனும் கெடுகிறான், கொண்டவனும் கெடுகிறான். வளரும் நாடுகள் வெளிமுதலை வரவேற்கும் இந்நாளிலும் இந்த ஐந்தொகை நம் மாணவர் படிக்கத் தக்கதே.