எந்தப் படிப்பு யாருக்கு?

'படிச்சாப் போதும், பொழச்சுக்கலாம்'னு நம்ம சேரிகளில் சொல்லி வருகிறோம். எதைப் படித்தால் என்ன சம்பளம் என்கிற கேள்வியை 1942லேயே எழுப்பிவிட்டார் அண்ணல் அம்பேத்கர். வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்துகொண்டே அவர் கொடுத்த மனுவை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கலைப்படிப்பும் சட்டப்படிப்பும் நம்ம மக்களுக்குப் பெரிதாக உதவாது, உயர் அறிவியலும் தொழில்நுட்பமுமே வேண்டும் என்கிறார். சொல்கிறவர் பொருளாதாரமும் சட்டமும் படித்தவர்!

அந்தப் படிப்புக்குச் செலவு அதிகம். சேரியால் தாங்க முடியாது. ஆகவே உள்நாட்டில் படிக்க ஆண்டுக்கு 2 லட்சம், வெளிநாட்டில் படிக்க 1 லட்சம் ரூபாய் கேட்டார். 1944ல் மெட்ரிக்குக்கு மேல் படிக்க உதவித்தொகை வந்தது.

வாசல் திறந்ததா? தமிழ்நாட்டில் 1984ல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வைத்தார்கள். 2007ல் அது ஒழிந்தது. 2017ல் மருத்துவத்துக்கு நீட் வந்தது. பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதா டாக்டராக முடியாமல் செத்துப்போனாள்.

'அவங்களுக்கு பி.ஏ.தான் வரும்'னு சொல்கிறவர்கள் திறமையைப் பற்றிப் பேசவில்லை. நம்ம புள்ளைங்களின் நாளைய கூலியை இன்றே குறைத்துப் பேசுகிறார்கள்.