ஓலைப் பெட்டி சொல்லும் வரலாறு

1930களில் தமிழகத்திலிருந்து மலாயா தோட்டத்திற்கு வந்த என் பாட்டி, தம் கையால் முடைந்த பனையோலைப் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்தார். குருத்தோலையைக் காயவைத்து, கீறி, சாயமேற்றி முடைந்த பெட்டி அது. பின்னாளில் அதன் ஓரம் பிய்ந்தபோது, மலாய்க்காரர்கள் பாய் முடையும் மெங்குவாங் தாழையோலையால் ஒட்டுப்போட்டார்.

அதனுள் நகை இல்லை. என் தந்தையின் பிறப்புப் பத்திரம் இருந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமைக்கு மனுச் செய்தபோது அதுவே சான்றாயிற்று. 1968ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையற்றோருக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. அதனால் தோட்டத் தொழிலாளர் பலர் வேலையிழந்து இந்தியா திரும்பினர். நாங்கள் இங்கேயே தங்கினோம்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! காலணி அட்டைப்பெட்டிக்கு வண்ணத்தாள் ஒட்டி மாணவர்கள் நினைவுப் பெட்டி செய்யும்போது, அலங்காரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தாத்தா பாட்டி வந்த கதையைக் கேட்டெழுதி, அதையும் உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.