தோலுறை உரைக்கும் வரலாறு



கௌபாய் திரைப்படங்களில் வீரனின் தொடைவரை தாழ்ந்து தொங்கும் துப்பாக்கி உறையைக் கண்டிருப்பீர்கள். அமெரிக்க மேற்குப் பகுதியில் அனைவரும் அவ்வாறே அணிந்தனர் என்று நம் மாணவர்களும் நம்புகின்றனர். உண்மை வேறு.

தொடக்கத்தில் கைத்துப்பாக்கிகள் பெரியவை, கனமானவை. அவற்றுக்கான தோலுறைகள் குதிரைச் சேணத்தின் முன்புறத்தில் இணையாகத் தொங்கின. 1848இல் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்ட பின்னர், துப்பாக்கியின் வடிவை ஒட்டித் தைத்த ஒடுங்கிய இடுப்புறை பரவியது. 1870களில் 'மெக்சிகன் லூப்' என்னும் வகை தோன்றிற்று. ஒரே தோல்துண்டின் ஒரு பகுதியைப் பின்புறமாக மடித்து, அம்மடிப்பில் கீறிய பிளவுகளின் வழியே உறையைச் செருகினர். அது இடுப்பில் உயர்ந்தே நின்றது. குதிரை ஓடுகையில் துப்பாக்கி நழுவாமல் காப்பதே அதன் முதன்மை நோக்கம், நொடியில் உருவுவதன்று. விரைந்து உருவுவதற்காக உள்ளே உலோகத் தகடு பதித்த உறையை 1950களில் ஆலிவுட்டுக்குச் செய்தளித்தவர் ஆர்வோ ஓஜாலா.

இவ்வுண்மையை நமக்குக் காத்துத் தந்தவை பழைய உறைகளே. அவற்றைச் செய்தோர் பெரும்பாலும் சேணத் தொழிலாளர்கள். வயோமிங்கின் ஷையன் நகரத்து எஃப். ஏ. மீனியா போன்றோர் தம் பெயரையும் ஊரையும் தோலில் முத்திரையாகப் பதித்தனர். தேர்ந்த சேகரிப்பாளர் அம்முத்திரையையும் கைத்தையலையும் தேய்மானத்தையும் நுணுகி நோக்குவர். எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கினாலோ புதிதாகத் தைத்தாலோ சான்று அழியும் என்பதை அவர்கள் அறிவர்.

திரை காட்டுவது கதை. தேய்ந்த தோல் காட்டுவது வரலாறு. இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.