புளியந்தோப்பும் ஆவணப்படத் திரையும்

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27இல் தோன்றியது. பெரம்பூர் பக்கிங்காம்–கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்க்கு உணவு இடைவேளை போதவில்லை. வெள்ளை அதிகாரிகளின் வசவும் அடியும் வேறு. நிறத்தின் பெயரால் நேர்ந்த அந்த இழிவே பி.பி. வாடியாவையும் திரு.வி.க.வையும் ஆலைவாயிலுக்கு அழைத்துவந்தது. இப்பகுதி நம் தொழிற்சங்க வரலாற்று நூல்களில் பெருமிதத்தோடு எழுதப்பட்டுள்ளது.

1921ஐ எழுதும்போதுதான் எழுத்தாளர் பலருக்கும் கை தயங்குகிறது. அவ்வாண்டு ஜூனில் மூண்ட வேலைநிறுத்தத்திலிருந்து ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் விலகி நின்றனர். எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். வேலைநிறுத்தக்காரருக்கும் அவர்களுக்குமிடையே மூண்ட பகை புளியந்தோப்புச் சேரியில் தீயாயிற்று, குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீசார் சுட்டதில் உயிர்கள் போயின. அக்டோபரில் போராட்டம் தோற்று முடிந்தது. நீதிக்கட்சிக்குள்ளும் பிளவு விழுந்தது; ராஜா 1923இல் அக்கட்சியை விட்டு விலகினார்.

ஆதிதிராவிடரைக் கருங்காலிகள் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. சாதியால் ஒதுக்கப்பட்டவனை வேலைநிறுத்த நாளில் மட்டும் தோழன் என்றழைத்தால் அவன் வருவானா? இக்கேள்வியைச் சங்கம் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. நகரில் சினிமாக் கொட்டகைகள் அப்போதே இருந்தன. எரிந்த குடிசைக்காரரின் சொல்லைப் பதிவதற்கு மட்டும் காமிரா எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

அந்த வேலையைத் தமிழகத்தில் ஆவணப்படங்கள் ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ எண்பதாண்டுகள் ஆயின. 1999 ஜூலை 23இல் கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் சென்ற மாஞ்சோலைத் தொழிலாளரும் ஆதரவாளரும் போலீஸ் தடியடிக்கு அஞ்சித் தாமிரபரணியில் இறங்க, பதினேழு பேர் மாண்டனர். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' அதைப் பதிந்தது. மதுரையில் 'மறுபக்கம்' அமைப்பை நடத்திய அமுதன் ஆர்.பி. 2003இல் 'பீ' எடுத்தார். தலைப்பைச் சொல்லவே கூசுவோர், ஒரு துப்புரவுப் பெண் அதை அள்ளுவதைக் கண்ணெடுக்காமல் பார்க்க நேர்கிறது. கவிதையிலாவது உவமைக்குப் பின் ஒளிந்துகொள்ளலாம்; இங்கே அதற்கும் வழியில்லை.

இத்தகைய படங்கள் பெரும்பாலும் வணிகத் திரையரங்குகளுக்கு வெளியே, சங்கக் கூடங்களிலும் கல்லூரி அறைகளிலும் ஓடுபவை. படத்துக்குப் பின் வரும் விவாதம் படத்தைவிட நீள்வதும் உண்டு. தொழிலும் சாதியும் ஒரே பேச்சில் அடிபடுவது அங்கேதான். 1921இல் இல்லாமற்போன பேச்சு அது.

2017 பிப்ரவரியில் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' வந்தது. மலமள்ளும் வேலையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும், 1993 முதல் சாக்கடையில் மாண்டோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்கச் சொன்ன 2014ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பும் அதற்குள் வந்துவிட்டன. சாவுகள் நிற்கவில்லை என்பதைப் படம் ஊர் ஊராகக் காட்டியது. பல ஊர்களில் திரையிடலைப் போலீசார் தடுத்தனர். படம் யூடியூபில் ஏறியது. அவ்வாண்டு ஜூலையில், மாணவர் போராட்டம் தொடர்பான 2009ஆம் ஆண்டு வழக்கொன்றில் இயக்குநர் மதுரையில் கைதாகிப் பிணையில் வெளிவந்தார்.