சயாம் மரண ரயில் நாவல்கள்

இரண்டாம் உலகப் போரின்போது சயாம்–பர்மா எல்லைக் காட்டில் ஜப்பானியர் போட்ட ரயில்பாதையில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பட்ட பாட்டைச் சொல்லும் மலேசியத் தமிழ் நாவல்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவை இவற்றில் முக்கியமானவை.

தாய்லாந்தையும் (சயாம்) பர்மாவின் தான்பியூசயாட்டையும் இணைக்கும் சுமார் 415 கி.மீ. பாதையின் வேலை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்பது பரவலான மதிப்பீடு. பெயர்ப்பதிவு முறையாக இல்லாததால் இதற்குமேல் துல்லியமாகச் சொல்ல வழியில்லை. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர். அன்றைய திருச்சி மாவட்டமும் தஞ்சையும் அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள்திரட்டிய முக்கிய வட்டாரங்கள்.

காட்டு முகாமில் கைதிக்கும் கூலிக்கும் நிலைமை ஒன்றல்ல. கைதிகளுக்குச் சொந்த ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. தொழிலாளருக்கு அப்படி எதுவுமில்லை. சேற்றில் நின்ற மூங்கில் கொட்டகைகளில், 1943 மழைக்காலத்துக் காலராவில், அவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். சிலர் மனைவி மக்களோடு வந்திருந்தார்கள்.

ஐரோப்பாவில் இதே காலத்தைப் பற்றி யூதர்களின் காட்டுவாழ்வை மையமாக வைத்த புனைவுகள் உண்டு; ப்ரீமோ லெவி 1982இல் வெளியிட்ட கெரில்லாப் படை நாவல் அவற்றில் ஒன்று. நிஜத்திலும் பெலாரஸின் நலிபோக்கிக் காட்டில் பியெல்ஸ்கி சகோதரர்களின் கெரில்லாக் குழுவோடு சேர்ந்து சுமார் 1,200 யூதர் நாஜிகளிடமிருந்து தப்பினர். அங்கே காடு அடைக்கலம் தந்தது. சயாமிலோ காடே சிறை. ஓடியவனை மலேரியாவும் பசியும் பிடித்தன. ஆகவே தமிழ் நாவலில் உயிர் பிழைப்பது வீரச்செயலாக வருவதில்லை, அடுத்த வேளைக் கஞ்சிக்கான போராட்டமாகவே வருகிறது. என் கணிப்பில் இவற்றின் தனிப் பெருமை இதுதான்.

கைதிகள் நாட்குறிப்பும் நினைவுநூல்களும் எழுதினார்கள். இந்த ரயில்பாதையை வைத்துப் பியேர் பூல் 1952இல் எழுதிய பிரெஞ்சு நாவல் 1957இல் திரைப்படமாகி உலகெங்கும் ஓடியது. அதன் மையத்தில் இருப்பவர்கள் பிரிட்டிஷ் கைதிகள். எழுதப் படிக்க வாய்ப்பில்லாத தமிழ்க் கூலிகளின் அனுபவமோ பெரும்பாலும் வாய்மொழியாகவே தங்கிப்போனது. அதை அச்சில் நிறுத்தியதில் இந்நாவல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) இதே போர்க்காலத்தைப் பேசினாலும் மெடான், பினாங்கு நகரங்களிலும் கடலிலும் நடக்கும் கதை. தண்டவாளத்துக்கு மண் சுமந்தவர்கள் அதன் மையத்தில் இல்லை.