தாழ்த்துவதற்கு முன் ஏற்றியதைக் கழற்ற வேண்டும்: ஊவாவின் மொரிஸ் கெப்புகள்

நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் ஒரு தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

பழைய மொரிஸ் மைனர் கெப் ஒன்றைத் தேடிப் பிடித்து, வீட்டு முற்றத்திலேயே வைத்து வேலை செய்து, அதை "லோ பண்ணி" ஓட்டுவது இப்போது எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு ஒரு பைத்தியம். அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் வார இறுதிகளில் காணலாம். வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைகள் இதைப்பற்றித்தான் பேசுகிறார்கள். "சேர், இது அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்ச வேலைதானே?" என்று கேட்கிறார்கள். பாதி சரி. மீதிப் பாதி எங்கள் ஊர்ச் சரித்திரம். பாடப்புத்தகத்தில் இல்லாததால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் மொரிஸின் பிறப்பு. வண்டியை வெட்டி ஒட்டுகிறவர்களைப் பழைய சாமானைக் கெடுப்பவர்கள் என்று திட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் இலண்டன் மோட்டார் கண்காட்சிக்கு வண்டி தயாராகிக்கொண்டிருந்தபோது, கடைசி நேரத்தில் அவருக்கு அது ஒடுக்கமாக இருப்பதாகத் தோன்றியது. மாதிரி வண்டியை நீளவாக்கில் நடுவில் இரண்டாக வெட்டச் சொன்னார். இரண்டு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகட்டியபோது "இது சரி" என்றார். அதற்குள் முன் பம்பர்கள் பழைய அளவில் செய்து முடிந்திருந்தன. அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்தார்கள். மைனரின் பொனட்டில் நடுவாக ஓடும் அந்தத் தட்டையான பட்டி அன்றைய வெட்டின் தழும்புதான். ஆக, இந்த வண்டி தொழிற்சாலையிலேயே ஒருமுறை "மொடிஃபை" ஆகித்தான் வெளியே வந்தது.

1953இல் இதன் வேனும் கெப்பும் வந்தன. கால் டொன் வண்டி என்று பெயர். அதாவது ஏறக்குறைய 254 கிலோ ஏற்றலாம். எஞ்சின் முதலில் 803 சிசி, 1956இல் 948, 1962இல் 1098. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மைனர் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கெப்புக்கும் வேனுக்கும் அப்படியல்ல. பின்பக்கம் சுமை தாங்க வேண்டும் என்பதால் கீழே தனியாகச் சேசிஸ் கொடுத்தார்கள். பின் பெட்டியைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு வேலை செய்யலாம். பெரிய கராஜ் தேவையில்லை. நாலு கல், இரண்டு ஜக், மழைக்கு ஒரு தகரக் கூரை இருந்தால் போதும். எங்கள் ஊரில் மழைக்குக் கூரை முக்கியம், மற்றதை எப்படியாவது சமாளிக்கலாம்.

மலைநாட்டுத் தோட்டங்களில் துரைமாரின் வண்டி என்றால் அது லேண்ட் ரோவர். பெரிய பாரத்துக்கு லொறி. இரண்டுக்கும் இடையில் இருந்தவர்கள் டவுன் கடைக்காரர்கள், பேக்கரிக்காரர்கள், மரக்கறி ஏற்றுபவர்கள். எங்கள் மூத்தாப்பாமார் தலைமுறையில் கடை வைத்திருந்த பலருக்கு இந்தக் கால் டொன் மொரிஸ்தான் கைக்கெட்டியது. அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னை வரை போகும் ஒடுங்கிய வீதியை நினைத்துப் பாருங்கள். 1890இல் லிப்டன் வாங்கிய தோட்டத்துக்குப் போகும் பாதை அது. எதிரே லொறி வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போக வேண்டும். அந்த வளைவுகளில் சின்ன வண்டிதான் ராஜா.

இனித்தான் எங்கள் கதை தொடங்குகிறது.

1960களின் தொடக்கத்தில் நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி கரைந்தபோது, அரசாங்கம் வாகன இறக்குமதியை இறுக்கியது. 1970 முதல் 1977 வரை இறுக்கம் இன்னும் கூடியது. புது வண்டி வாங்குவது சாதாரண வியாபாரியின் கனவில்கூட இல்லை. பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில் ஷொக் அப்சோபர் எங்கே வாங்குவது? இருந்ததை வைத்தே ஓட்ட வேண்டும். உடைந்ததைச் செய்ய வேண்டும். செய்ய முடியாததற்கு வேறொன்றைப் பொருத்த வேண்டும். டிங்கரிங் செய்பவர் பீப்பாய்த் தகரத்தில் மட்காட் அடித்தார். லேத் வைத்திருந்தவர் புஷ் கடைந்தார்.

இதில் பலரும் பேசாத ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வண்டிகளைத் தாழ்த்தவில்லை, உயர்த்தினார்கள். 254 கிலோவுக்குச் செய்த வண்டியில் கோவா மூட்டையும் லீக்ஸ் கட்டும் உருளைக்கிழங்கும் அளவில்லாமல் ஏற்றினால் பின்பக்கம் நிலத்தில் உட்காரும். அதற்கு மருந்து, பின் ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை. அது போதாதென்றால் இன்னொன்று. லொறியில் உடைந்த பட்டையை வெட்டி, சுருக்கி, துளை போட்டு ஏற்றுவார்கள். வெறும் வண்டியாகப் போகும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு ஆட்டுக்கடா மாதிரி நிற்கும். உள்ளே இருப்பவருக்கு முதுகு போகும். ஆனால் சாமான் சந்தைக்குப் போய்ச் சேரும்.

அண்மையில் நாங்கள் ஒரு மொரிஸ் கெப்பைத் தாழ்த்துவதற்காகப் பின்பக்கத்தைக் கழற்றினோம். நாங்கள் என்றால் நானா, பக்கத்து வீட்டு இரண்டு பொடியன்மார், சனிக்கிழமை மட்டும் உதவும் இந்த வாத்தியார். யூ போல்ட்டுகளை வெட்டி எடுத்து ஸ்பிரிங்கைப் பிரித்தபோது, ஒரே கட்டில் மூன்று விதமான இரும்பு இருந்தது. தொழிற்சாலைப் பட்டைகள் மெல்லியவை, நுனி நேர்த்தியாக முடிந்தவை. அவற்றின் கீழே அகலம் கொஞ்சம் கூடிய ஒன்று, ஓரம் அரத்தால் தேய்க்கப்பட்டது. கடைசியில் தடித்த ஒரு துண்டு, காஸில் வெட்டிய அடையாளத்தோடு. தொல்பொருள் ஆய்வாளர் மண் அடுக்கைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று பஞ்சம், மூன்று கராஜ். எங்களுடைய "லோ" வேலையில் பாதி, யாரோ எப்போதோ ஏற்றியதைக் கழற்றியதோடு முடிந்துவிட்டது. புதிதாக ஒன்றும் வெட்டவில்லை. ஏற்றிய பட்டைகளை எடுத்ததுமே வண்டி தன் பிறந்த உயரத்துக்கு வந்து நின்றது.

அதற்குக் கீழே இறக்குவது எப்படி என்று கேட்கிற தம்பிமாருக்குக் கொஞ்சம் விபரம். மொரிஸின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை, முறுக்குக் கம்பி. இங்கிலீசில் டோர்ஷன் பார். வண்டியின் நீளத்துக்குப் படுத்திருக்கும் இரும்புத் தண்டு அது. முறுக்குவதும் மீள்வதுமே அதன் வேலை. இரண்டு நுனியிலும் பற்கள் உண்டு. பின் நுனியைப் பற்களில் சற்று நகர்த்திப் பொருத்தினால் முன்பக்கம் இறங்கும். செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் எவ்வளவு பாரத்தில் எந்தக் கோணம் என்று அளந்து செய்ய வேண்டும். அளவு தப்பினால் சில்லின் சாய்வு மாறி டயர் ஒரு பக்கமாகத் தேயும், குழியில் விழும்போது ஸ்டியரிங் கையை இழுக்கும். பின்பக்கத்தில் அக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்பு அல்லது அலுமினியக் கட்டை வைத்து, நீளமான யூ போல்ட் போடுவார்கள். 2 அங்குலம் போதும். மரக்கட்டை வைக்காதீர்கள். கட்டைக்கு மேல் கட்டையும் வைக்காதீர்கள்.

சிலர் ஸ்பிரிங் பட்டையைக் காஸில் சூடாக்கி வளைக்கிறார்கள். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் கிடையாது. அந்த இரும்புக்குப் பதம் ஏற்றித்தான் அது ஸ்பிரிங் ஆனது. சூடு பட்ட இடத்தில் பதம் இறங்கும். பிறகு ஒருநாள் வளைவில் முறியும்.

இன்னொன்று, முன் சில்லைத் தாங்கும் ட்ரனியன். மொரிஸின் பழைய நோய் அது. மரை போட்ட இந்த மூட்டுக்குக் கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒரு நேரம் சில்லு மடிந்து உள்ளே போய்விடும். வண்டியை அழகாக்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் கிறீஸ் கன் வாங்க யோசிக்கிறார்கள். அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்குகிறவர்கள், அங்கிருந்து ஹல்துமுல்லைப் பக்கமோ கொஸ்லந்தைப் பக்கமோ போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. மொரிஸுக்கு நாலு சில்லிலும் ட்ரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடிக்காது. கியரில்தான் இறக்க வேண்டும் என்று வாப்பாமார் சொன்னது சும்மா இல்லை.

சரி, பிள்ளைகள் போனில் பார்க்கும் கலிபோர்னியாவுக்கு வருவோம். அங்கே வண்டியைத் தாழ்த்தும் பழக்கத்தை வளர்த்தவர்கள் மெக்சிக்கோ வழி வந்த தொழிலாளர் வீட்டு இளைஞர்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் டிக்கியில் மண் மூட்டை வைத்தே வண்டியைத் தாழ்த்தினார்கள். 1950களின் இறுதியில் மாநிலச் சட்டம் குறுக்கே வந்தது. சில்லின் விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பகுதியும் இருக்கக் கூடாது என்றது. 1959இல் ரொன் அகீரே என்ற இளைஞர் விமானத்தில் கழித்த ஹைட்ரோலிக் பம்புகளைத் தன் கொர்வெட் காரில் பொருத்தினார். பொலிஸைக் கண்டால் வண்டி எழும்பும், போனதும் படுக்கும். 2024 ஜனவரியில்தான் அந்தச் சட்டம் நீங்கியது. பிக்கப்பில் அவர்களுடைய செல்லப்பிள்ளை ஷெவ்ரோலே சி10, அதிலும் பெட்டி குட்டையான வகை. 8 அடிப் பெட்டி தொழிலுக்கு, ஆறரை அடிப் பெட்டி அழகுக்கு. குட்டை கிடைக்காதவர்கள் நெட்டையை வாங்கிச் சேசிஸை வெட்டிக் குறுக்குகிறார்கள். எங்கள் மொரிஸ் பிறப்பிலேயே குட்டை என்பதால் அந்த வேலை மிச்சம்.

அவர்களும் எங்களைப் போலக் கழித்த சாமானில்தான் தொடங்கினார்கள். அவர்கள் பார்வைக்காகத் தாழ்த்தினார்கள், எங்களவர்கள் பாரத்துக்காக உயர்த்தினார்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் "கிளீன் ஸ்ரீலங்கா" என்று பஸ், த்ரீவீலர்களின் மேலதிகச் சோடனைகளைப் பொலிஸார் கழற்றவைத்தபோது எழுந்த சத்தம் நினைவிருக்கும். மாற்றிய வண்டி என்றாலே சனங்கள் பயப்படுவதற்கும் காரணம் உண்டு. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, எங்களுக்கு மிக அருகில், தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அது போட்டி, இது முற்றத்து வேலை. ஆனாலும் அந்த நாளுக்குப் பிறகு இந்தப் பகுதியில் எந்தத் தாய்க்கும் மகன் வண்டிக்குக் கீழே படுத்திருப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உம்மாமாரைக் குறை சொல்ல மாட்டோம்.

எங்களுக்கு உறுத்துவது வேறு. பத்து மூட்டைக்காகக் கள்ளப் பட்டை ஏற்றிய வண்டி ஆபத்து என்று அன்று யாரும் பேசியதில்லை. அது வயிற்றுப்பாடு. அதையே கழற்றிச் சரியான உயரத்துக்குக் கொண்டுவரும் பொடியனை மட்டும் ரவுடி என்கிறோம்.

இந்தக் கெப்புகளின் இலக்கத் தகட்டையும் பாருங்கள். பலவற்றில் சிங்கள "ஸ்ரீ" எழுத்து இருக்கும். 1950களின் பிற்பகுதியில் அந்த எழுத்து வந்தபோது தமிழர்கள் தார் பூசினார்கள். 1958இல் அந்தப் போராட்டம் மலையகத் தோட்டங்கள் வரை வந்தது. இன்று அதே தகட்டைப் பொலிஷ் போட்டுப் படம் எடுக்கிறோம். "ஸ்ரீ வண்டி" என்றால் விலை கூட. தகட்டைத் தேய்க்கும் பொடியனிடம் இதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, பிறகு தொடர்ந்தான்.

1977இல் இறக்குமதி திறந்ததும் ஜப்பான் வண்டிகள் வந்து மொரிஸை ஓரங்கட்டின. பல கெப்புகள் கோழிக்கூடாயின. ஆனால் கைவேலை சாகவில்லை. 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர் இலங்கையர் ஒருவரோடு சேர்ந்து மொரிஸ் உதிரிப்பாகங்களை இங்கே செய்வித்து அங்கே கொண்டுபோனார். வண்டி செய்த நாட்டுக்கே நாங்கள் பாகம் அனுப்பினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நின்று, 2025 வரை சாதாரணமானவர்களுக்குப் புது வண்டி இல்லை என்றானபோது, கோழிக்கூட்டிலிருந்த மொரிஸ்களும் வெளியே வந்தன. அவற்றைத் திருத்தத் தெரிந்தவர்கள் அப்போது எழுபது வயதைத் தாண்டியிருந்தார்கள்.

அவர்களில் சிலரிடம் பொடியன்மாரைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துக் கதை கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் 1960, 70களில் கராஜ் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் இதை வாசித்தால், வீட்டில் இருக்கும் பழைய படங்களைத் தேடிப் பாருங்கள். பட்டை ஏற்றிய கெப் நிற்கும் படம் ஒன்றாவது வேண்டும். பின்பக்கம் தூக்கி நிற்பது தெரிந்தால் இன்னும் நல்லது.