புசல்லாவைப் பாதையும் முறியும் அச்சும்

கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா போகும் பாதை அறுபது கிலோமீற்றருக்குள் ஏறத்தாழ 1,400 மீற்றர் உயர்கிறது. இந்த ஏற்றத்தில் ஓடிய வாகனங்களைப் பற்றிய பேச்சு எப்போதும் எஞ்சினையே சுற்றிவரும். ஆனால் இங்கே எது தாக்குப்பிடித்தது என்பதை எஞ்சினைவிட அச்சுதான் அதிகம் தீர்மானித்திருக்கிறது. 1841இல் கேபிரியல், மொரிஸ் டி வோர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் றொத்சைல்ட் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில்தான் மலையிறங்கின. 1867இல் கண்டிக்கு ரயில் வந்த பிறகும் ரயிலடி வரைக்கும் வண்டிதான். மாட்டு வண்டியின் அச்சு சுழலாது, சில்லு மட்டுமே அதன்மேல் சுழலும். இழுக்கும் வலு நுகத்தடியில் இருப்பதால் அச்சுக்குப் பாரம் உண்டு, முறுக்கு இல்லை. மோட்டார் வந்ததும் இது அடியோடு மாறியது. சில்லைச் சுழற்றும் வலு முழுவதும் அச்சுக்குள்ளேயே ஓடத் தொடங்கியது. பாரத்துக்கு அஞ்சிப் பழகிய கண்ணுக்கு முறுக்கின் ஆபத்து எளிதில் தெரிவதில்லை. பழைய காருக்கு வேறு எஞ்சின் மாற்றும் வழக்கத்தில் நேரும் பெரும்பாலான அச்சு முறிவுகளுக்கு இதுதான் வேர் என்பது என் வாதம்.

அந்த வழக்கம் இங்கே வேரூன்றக் காரணங்கள் இருந்தன. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மோட்டார் மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. 1960களிலும் 70களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1977க்குப் பிறகு ஜப்பானிய ரீகண்டிஷன் எஞ்சின்கள் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தையில் குவிந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. புதுக் கார் எட்டாதபோது பழைய உடலுக்குள் புது எஞ்சினை வைப்பது இயல்பான வழி. அதில் தவறு எதுவும் இல்லை. எஞ்சினை மாற்றியவர்கள் அதற்குப் பின்னால் உள்ளதை மாற்றாமல் விட்டதுதான் தவறு.

கார் கம்பனிகளே இதற்குச் சாட்சி. 1959இல் வந்த மினியின் முன்சில்லுப் பக்கம் றெப்பா வகை சீவி ஜொயின்ட் இருந்தது. கியர் பெட்டிப் பக்கத்தில் இருந்தது வெறும் ரப்பர் இணைப்பு. வலு கூடிய கூப்பர் எஸ் காருக்கு அந்த ரப்பர் போதவில்லை. அதன் இடத்தில் ஊசி உருளை வைத்த ஹார்டி ஸ்பைசர் ஜொயின்டைப் போட்டார்கள். தோட்டத் துரைமாரின் லேண்ட்ரோவருக்கு மெலிந்த ஹாஃப் ஷாஃப்ட், அதாவது டிஃப்ரென்ஷலிலிருந்து சில்லுக்குப் போகும் தண்டு, பழைய பலவீனம். 1979இல் அதே கம்பனி 3.5 லீற்றர் வி8 எஞ்சினை அதில் வைத்தபோது, வலுவை 91 குதிரைவலுவாகக் குறைத்து, பின்னால் கனத்த சாலிஸ்பரி அச்சையும் கொடுத்தது. டொயோட்டாவின் ஏஈ86 காரில் சாதாரண எஞ்சினுக்கு ஒரு டிஃப்ரென்ஷல், 4ஏ-ஜீஈ எஞ்சினுக்கு அதைவிடப் பெரியது. உடல் ஒன்றாகவே இருந்தும் பின்பக்கத்தை மாற்றியிருக்கிறார்கள். அந்த 4ஏ-ஜீஈயைத்தான் பழைய கொரோலாக்களில் பலர் அப்படியே இறக்குகிறார்கள்.

அச்சு எவ்வளவு தாங்க வேண்டும் என்பதைக் குதிரைவலு சொல்லாது. 4ஏ-ஜீஈ எஞ்சினின் முறுக்கு 145 நியூட்டன் மீற்றர் அளவில். முதல் கியரும் டிஃப்ரென்ஷலும் சேர்ந்து அதை ஏறத்தாழ 15 மடங்காக்கும்போது இரு ஷாஃப்டுக்கும் சேர்த்து 2,200ஐத் தொடுகிறது. ஆனால் ஒரு பின்சில்லில் 280 கிலோ பாரம் உள்ள சிறிய காரில், சாதாரண டயர் 700 அளவிலேயே வழுக்கிவிடும். அதாவது அச்சைக் காப்பது டயரின் வழுக்கல். நல்ல பிடிமான டயரைப் போட்டால் அந்தக் காப்பு குறையும். டிஃப்ரென்ஷலை வெல்டிங் வைத்துப் பூட்டினால், கொண்டை ஊசி வளைவில் உட்சில்லு தூக்கும் நொடியில் முழு முறுக்கும் ஒரே ஷாஃப்டில் இறங்கும். ஆகவே அச்சைத் தெரிவுசெய்ய முதலில் பார்க்க வேண்டியவை டயரும் டிஃப்ரென்ஷலும்தான். எஞ்சின் அதற்குப் பிறகே.

மெலிந்த அச்சு ஒரு ஃபியூஸ், அது முறிந்தால் கியர் பெட்டி தப்பும் என்று சிலர் வாதிடுவார்கள். லேண்ட்ரோவருக்கு அது ஓரளவு பொருந்தும். அங்கே சில்லைத் தாங்குவது அச்சின் உறை, ஷாஃப்ட் போனாலும் சில்லு நிற்கும். பழைய கொரோலா போன்ற பின்சில்லு இயக்கக் கார்களில் ஹாஃப் ஷாஃப்டே சில்லையும் தாங்குகிறது. அது வெளிமுனையில் முறிந்தால் சில்லே கழன்று போகலாம். றம்பொடை வளைவில் அந்த ஃபியூஸை யாரும் விரும்பமாட்டார்கள். கிளச்சைப் பக்குவமாக விட்டால் போதும் என்பது இன்னொரு வாதம். தூக்கிய சில்லு சுழன்றபடி தரையில் விழுந்து பிடிக்கும் அதிர்ச்சிக்கு ஓட்டுநரின் கால் பொறுப்பல்ல. கனத்த அச்சு காரின் ஓட்டத்தைக் கெடுக்கும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஷாஃப்டின் வலிமை விட்டத்தின் மூன்றாம் படியில் கூடுகிறது. 25 மில்லிமீற்றரை 28 ஆக்கினாலே ஏறத்தாழ 40 சதவீதம் கிடைக்கும், எடை அவ்வளவு கூடாது. நிக்கல், குரோமியம் கலந்த, முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு என்றால் தடிப்பையும் கூட்ட வேண்டியதில்லை. லேத்தில் சாதாரண இரும்பைக் கடைந்து போடுவதுதான் கூடாது. கூர்மையாக விட்ட மூலையிலிருந்தும் கருவி கீறிய கோட்டிலிருந்தும் வெடிப்பு தொடங்கும், மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

ஜொயின்டின் கதையும் இதுவே. எஞ்சின் ஓர் அங்குலம் மேலே அல்லது கீழே உட்கார்ந்தாலே புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறும். இரு முனைச் சிலுவை ஜொயின்டுகளின் கோணமும் ஒன்றுக்கொன்று சமமாக இல்லாவிட்டால் சுழற்சி துடிக்கும். அந்தத் துடிப்பு, புதிதாகப் போட்ட நல்ல ஜொயின்டையும் தின்றுவிடும்.

பஞ்சிகாவத்தையில் எஞ்சினுக்கு விலை பேசும்போதே, அது கழற்றப்பட்ட காரின் பின் அச்சையும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போதாவிட்டால், சிறிய எஞ்சினை வாங்குங்கள்.